சவுல் ஏன் தள்ளப்பட்டார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளியிலும் வீட்டுக் கூட்டங்களிலும் 1 சாமுவேல் பாடம் நடத்தும்போது, 13-ஆம் அதிகாரத்தைத் தாண்டுவதற்குள் கேள்விகள் வந்துவிடும். இஸ்ரவேலின் முதல் அரசரைத் தேர்ந்தெடுத்தவரும் கர்த்தர், தள்ளியவரும் கர்த்தர். இது நியாயமா என்பதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் சந்தேகம். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எண்கள் மட்டும் கொடுத்திருக்கும் இடங்களில் அவை 1 சாமுவேலின் அதிகாரமும் வசனமும்.

சவுல் என்றால் பவுலாக மாறினாரே, அவரா?

இல்லை. அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முந்தியவர் இவர். பென்யமீன் கோத்திரத்துக் கீசின் மகன், கிபியா ஊர்க்காரர். வாழ்ந்த காலம் கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் இறுதி. பவுலும் பென்யமீன் கோத்திரத்தார்தான். உறவு அதோடு முடிகிறது.

தகப்பனின் காணாமற்போன கழுதைகளைத் தேடிப் போன இடத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி அவர் தலையில் எண்ணெய் வார்த்தார். ஜனங்கள் எல்லாரும் அவர் தோளுக்குக் கீழே நிற்கும்படியான உயரம். ஆனாலும் மிஸ்பாவில் அவர் பெயருக்குச் சீட்டு விழுந்தபோது தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்தார். கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊராரின் வலது கண்களைப் பிடுங்குவேன் என்று அம்மோனியனாகிய நாகாஸ் மிரட்டியபோது, படை திரட்டிப் போய் அவர்களை மீட்டவர் இவரே. அந்த வெற்றிக்குப் பிறகு, முன்பு தம்மை இகழ்ந்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். இன்று ஒருவரும் கொல்லப்படக்கூடாது என்று தடுத்தார் (11:13). பிற்பாடு நடந்ததைப் படிக்கும்போது இந்த ஆரம்பத்தை மறந்துவிடக் கூடாது.

முழுக் கதையையும் வாசிக்க நேரமில்லை. எந்த அதிகாரங்கள் போதும்?

13, 15, 28, 31. இவற்றோடு 8-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, அவர்கள் உன்னை அல்ல, என்னைத்தான் தள்ளினார்கள் என்று கர்த்தர் சாமுவேலிடம் சொல்கிறார் (8:7). ‘தள்ளுதல்’ இந்தப் புத்தகத்தில் முதலில் ஜனங்களின் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஒரே ஒரு பலி செலுத்தியதற்காகவா ராஜ்யம் போயிற்று? இது அநியாயம் இல்லையா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் சவுலின் பக்கம் நின்று கேட்கிறார்கள்; அது நல்லது. நிலைமை உண்மையிலேயே பயங்கரமானது. பெலிஸ்தர் மிக்மாசில் பாளயம் இறங்கியிருக்கிறார்கள். இஸ்ரவேலர் குகைகளிலும் முட்காடுகளிலும் ஒளிகிறார்கள்; சிலர் யோர்தானைக் கடந்து ஓடிவிட்டார்கள். நாட்டில் ஒரு கொல்லன்கூட இல்லை. சவுலையும் அவர் மகன் யோனத்தானையும் தவிர ஒருவர் கையிலும் பட்டயமோ ஈட்டியோ கிடையாது (13:19-22). ஆரம்பத்தில் தெரிந்தெடுத்த 3,000 பேரில் கடைசியில் அவரோடு நின்றவர்கள் ஏறக்குறைய 600 பேர்.

கில்காலில் ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலியிட்டு, நீ செய்யவேண்டியதை அறிவிப்பேன் என்பது சாமுவேல் முன்பே கொடுத்திருந்த கட்டளை (10:8). சவுல் ஏழு நாள் காத்திருந்தார். சாமுவேல் வரவில்லை. ஜனங்கள் கலைந்து போகிறார்கள். முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியைத் தாமே செலுத்தினார். செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்து நிற்கிறார்.

சவுல் சொல்லும் காரணங்களை வரிசையாகப் பாருங்கள்: ஜனங்கள் சிதறிப் போவதைக் கண்டேன், நீர் குறித்த நாளில் வரவில்லை, பெலிஸ்தர் கூடியிருந்தார்கள். மூன்றுமே கண்ணால் கண்டவை, மூன்றுமே உண்மை. அவரை அரசராக்கியவர் என்ன சொன்னார் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. அன்று சாமுவேல் சொன்ன தீர்ப்பு உம்முடைய ராஜ்யபாரம் நிலைநிற்காது என்பது. அதாவது சவுலின் வம்சம் தொடராது. அவரையே அரசராக இராதபடி தள்ளியது 15-ஆம் அதிகாரத்தில்தான். இடையில் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒரே பிழையில் எல்லாம் போய்விட்டது என்று சொல்வது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது.

ஆசாரியன் செய்யவேண்டியதை ராஜா செய்ததுதானே குற்றம்?

பிரசங்கங்களில் அப்படித்தான் கேட்டிருப்போம். ஆனால் சாமுவேல் அந்தக் குற்றச்சாட்டை வைக்கவே இல்லை. கர்த்தர் விதித்த கட்டளையைக் கைக்கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறார் (13:13). சவுலுக்குப் பின் அரசரான தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தபோது பலி செலுத்தினார் (2 சாமுவேல் 6:17). சாலொமோன் கிபியோனில் ஆயிரம் சர்வாங்க தகனபலி செலுத்தினார் (1 இராஜாக்கள் 3:4). அவர்களை ஒருவரும் கண்டிக்கவில்லை.

தூபங்காட்டத் துணிந்து குஷ்டரோகியான அரசர் உசியா (2 நாளாகமம் 26). அவர் கதை சவுலின் கதைக்குள் நுழைந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அமலேக்கியர் விஷயத்தில் சவுல் என்னதான் செய்தார்?

எகிப்திலிருந்து களைத்து வந்த இஸ்ரவேலரைப் பின்னாலிருந்து தாக்கி, பலவீனரை வெட்டியவர்கள் அமலேக்கியர் (உபாகமம் 25:17-19). அதற்கான தண்டனையை நிறைவேற்றும்படி சவுலுக்குக் கட்டளை வருகிறது: மனிதரையோ மிருகத்தையோ மிச்சம் வைக்காமல் அழிக்க வேண்டும், எதையும் கொள்ளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டளையே கனமானது, அதைப் பற்றிய கேள்வி கீழே வருகிறது.

சவுல் வென்றார். அரசன் ஆகாகை உயிரோடு பிடித்து வைத்தார். ஆடுமாடுகளில் நல்லவற்றை வைத்துக்கொண்டு, அற்பமானதை அழித்தார். பிறகு யூதாவிலுள்ள கர்மேலுக்குப் போய்த் தமக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினார் (15:12). தளவாடங்களுக்குள் ஒளிந்திருந்த மனிதர் இவர்தானா என்று வாசிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. சாமுவேலும் இதைத்தான் சுட்டுகிறார்: உம்முடைய பார்வைக்கு நீர் சிறியவராக இருந்தபோதல்லவா தலைவரானீர்? (15:17)

ஆடுமாடுகளைப் பலியிடத்தானே வைத்தார்? அதில் என்ன தவறு?

சவுல் சொன்ன காரணம் அதுதான். முதலில், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சாமுவேலை வரவேற்கிறார். அப்படியானால் என் காதில் விழும் ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்ட பிறகே பலியைப் பற்றிய பேச்சு வருகிறது. அப்போதும், ஜனங்கள் தப்பவைத்தார்கள், மற்றவற்றை ‘அழித்துப்போட்டோம்’ என்கிறார் (15:15). தப்பவைத்தது அவர்கள், அழித்தது நாங்கள். கதையைச் சொல்பவரோ, சவுலும் ஜனங்களும் தப்பவைத்தார்கள் என்று 9-ஆம் வசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்.

அவர் உண்மையாகவே பலியிட நினைத்திருந்தாலும் சிக்கல் தீராது. சாபத்தீடாக, அதாவது முற்றிலும் அழிக்கும்படி கர்த்தருக்கென்று ஒதுக்கி, அறிவிக்கப்பட்டவை முழுவதும் ஏற்கெனவே கர்த்தருடையவை. அவற்றிலிருந்து பலி கொடுப்பது, சபையின் காணிக்கைப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து அதையே மறுபடியும் காணிக்கையாகப் போடுவது போன்றது. சமாதான பலியின் இறைச்சியில் பெரும்பங்கைச் செலுத்துகிறவர்களே உண்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வசனம் (15:22) இந்த இடத்தில்தான் வருகிறது. பலியே வேண்டாம் என்று சாமுவேல் சொல்லவில்லை. கீழ்ப்படியாமையை மூடுவதற்குப் பலியைத் துணியாக்காதே என்கிறார்.

குழந்தைகளையும் கொல்லச் சொன்ன கட்டளை. அதை மீறியதற்காகச் சவுலைப் பாராட்டத்தானே வேண்டும்?

மீறியது இரக்கத்தால் என்றால் பாராட்டலாம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் தப்பவில்லை, தப்பியவர்கள் ஓர் அரசனும் கொழுத்த மாடுகளும். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், ஆகாகின் அழகிலும் உயரத்திலும் மயங்கியே சவுல் அவனை விட்டுவைத்தார் என்று எழுதுகிறார். யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் வரும் ஒரு மரபுக்கதையில் மட்டும் சவுல், பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றால் சிறியவர்கள் என்ன செய்தார்கள் என்று வாதாடுகிறார் (அதன் யோமா பகுதி, 22ஆ). இந்தக் கேள்வி நம் காலத்தில் முளைத்தது அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் காலத்துப் போர்மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாப் அரசன் மேசா நாட்டிய கல்வெட்டு 1868-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோயிற்று என்று அது முழங்குகிறது. இஸ்ரவேல் அழியவில்லை. அமலேக்கியரும் அப்படித்தான், 30-ஆம் அதிகாரத்திலேயே சிக்லாகு ஊரைச் சுட்டெரிக்க வந்துவிடுகிறார்கள். ஆகவே ‘முற்றிலும் அழித்தல்’ என்பது எல்லா இடத்திலும் எண்ணிக்கைக் கணக்கு அல்ல என்று பல அறிஞர்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் 15:3 லேசாகிவிடவில்லை. ‘குழந்தைகள்’ என்ற சொல்லை அங்கே வாசிக்கும்போது என் குரல் இறங்கிவிடுகிறது. குமாரன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்வதும் அதே வேதம்தான். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. இன்று எந்த இனத்தையும் ‘அமலேக்கு’ என்று பெயரிட்டு வன்முறைக்கு நியாயம் தேடுகிறவர்களுக்கு இந்த அதிகாரம் உரிமை தரவில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

சவுலும் ‘பாவஞ்செய்தேன்’ என்றார், தாவீதும் ‘பாவஞ்செய்தேன்’ என்றார். தாவீது செய்ததோ விபசாரமும் கொலையும். அவருக்கு மட்டும் ஏன் மன்னிப்பு?

தல்மூதின் ரபிகளும் இதைக் கேட்டு வியந்திருக்கிறார்கள்: சவுலுக்கு ஒரு பிழை கணக்கில் வந்தது, தாவீதுக்கு இரண்டும் வரவில்லை என்று அதே யோமா 22ஆ சொல்கிறது. குற்றத்தின் எடையை மட்டும் பார்த்தால் தாவீதின் குற்றம் பெரியது. இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

வித்தியாசம் அடுத்த வார்த்தையில் இருக்கிறது. சவுல், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று காரணம் சேர்க்கிறார் (15:24). இரண்டாம் முறை சொல்லும்போது, என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறார் (15:30). ராஜ்யம் போய்விட்டது என்று கேட்ட பிறகும் அவர் பார்ப்பது மூப்பர்களின் முகத்தை. தாவீது நாத்தான் தீர்க்கதரிசியிடம் சொன்னது ஒரே வாக்கியம். யார் மேலும் பழி போடவில்லை (2 சாமுவேல் 12:13). கில்காலில் சவுல் சொன்ன மூன்று காரணங்களை மேலே பார்த்தோம். இரண்டு இடத்திலும் அவரை நடத்துவது ஜனங்களின் கண்கள்தான். அவர் வீழ்ச்சியின் வேர் இதுவே என்பது என் துணிபு.

தாவீது தண்டனையில்லாமல் தப்பவும் இல்லை. குழந்தை இறந்தது, அம்னோன், அப்சலோம் என்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கொலையுண்டார்கள். அரியணை மட்டும் அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் கர்த்தர் கொடுத்த வாக்கு: சவுலை விட்டு என் கிருபையை விலக்கினதுபோல உன் குமாரனை விட்டு விலக்கமாட்டேன் (2 சாமுவேல் 7:15). மனந்திரும்புதலின் தரத்தால் மட்டும் இந்த வித்தியாசத்தை முழுவதும் விளக்கிவிட முடியாது. தேவனுடைய சுதந்திரமான கிருபையும் அதில் இருக்கிறது.

15:11-இல் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார் (மனம் வருந்துகிறார்), 15:29-இல் அவர் மனஸ்தாபப்படுகிறவர் அல்ல. எதுதான் சரி?

இரண்டும் ஒரே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி இருக்கின்றன. அதிகாரத்தின் கடைசி வசனம் மறுபடியும் மனஸ்தாபத்தைச் சொல்கிறது. எழுதியவர் மறந்துபோய் எழுதியிருக்க முடியாது. 29-ஆம் வசனம் வரும் சூழலைப் பாருங்கள். சாமுவேலின் சால்வை சவுலின் கையில் கிழிகிறது. தீர்ப்பை எப்படியாவது மாற்றிவிடலாம் என்று சவுல் மன்றாடுகிறார். மனிதரிடம் பேசி மாற்றுவதுபோல இதை மாற்ற முடியாது என்பதே அங்கே பதில்.

11-ஆம் வசனமும் 35-ஆம் வசனமும் துக்கத்தைச் சொல்கின்றன. தள்ளுகிறவர் கல் மனதோடு தள்ளவில்லை. அதைக் கேட்ட சாமுவேல் இரவு முழுவதும் கூப்பிட்டு அழுதார். பிறகும் நீண்ட காலம் துக்கித்து, எந்த மட்டும் துக்கிப்பாய் என்று கர்த்தரே கேட்கும்படி ஆயிற்று (16:1). சவுலின் வீழ்ச்சியைப் பிரசங்கிப்பவர்களில் சிலருக்கு இருக்கும் உற்சாகம் சாமுவேலிடம் துளியும் இல்லை.

யூதாவை விட்டுச் செங்கோல் நீங்காது என்று ஆதியாகமம் 49:10 சொல்லியிருக்க, பென்யமீன் கோத்திரத்தாரை அரசராக்கியது அவர் தோற்பதற்காகவா?

13:13 இந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. நீர் கைக்கொண்டிருந்தால் கர்த்தர் உம்முடைய ராஜ்யபாரத்தை என்றைக்கும் ஸ்திரப்படுத்தியிருப்பார் என்கிறார் சாமுவேல். கொடுக்கப்பட்டது உண்மையான வாய்ப்பு. ஆதியாகம வசனமும் இதுவும் எப்படிப் பொருந்தியிருக்கும் என்று வேதம் விளக்கவில்லை. நாமும் வலிந்து பொருத்த வேண்டாம்.

தள்ளப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் அரசராகவே இருந்தாரே?

தீர்ப்பு வந்த நாளில் அரியணை காலியாகவில்லை. தாவீது அபிஷேகம் பெற்றும் சவுலுக்குத் தப்பிக் காட்டில் அலைந்தார். எங்கேதியின் குகையிலும் சீப் வனாந்தரத்திலும் சவுலைக் கொல்ல வாய்ப்பு கிடைத்தபோது, கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோட மாட்டேன் என்று விலகினார் (24, 26). தள்ளியவர் கர்த்தர், ஆகையால் எப்போது இறக்குவது என்பதும் அவர் கையில் என்று தாவீது எண்ணினார்.

அந்த ஆண்டுகளில் சவுல் செய்த மிகக் கொடிய காரியம், தம் ஊழியன் தோவேக்கின் கையால் நோபின் ஆசாரியர்கள் 85 பேரைக் கொன்றது (22:18). நோப் ஊரின் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் பட்டயம் விடவில்லை. அமலேக்கியரின் மாடுகளைத் தப்பவைத்த ராஜ்யத்தில், கர்த்தருடைய ஆசாரியரின் ஊருக்குத் தப்ப வழி இல்லை.

சவுலைக் கலங்கப்பண்ணிய ‘கர்த்தரால் அனுப்பப்பட்ட பொல்லாத ஆவி’ என்றால் என்ன? மனநோயா?

எபிரெய வேதம் நன்மை தீமை எல்லாவற்றையும் கர்த்தருடைய ஆளுகைக்குக் கீழே வைத்துப் பேசுவது வழக்கம். 1 இராஜாக்கள் 22-இல் வரும் பொய்யின் ஆவியையும் பாருங்கள். மருத்துவப் பெயர் சூட்ட 16-ஆம் அதிகாரத்தில் போதிய தகவல் இல்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மனநோயால் துன்பப்படும் ஒருவரைச் சவுலோடு ஒப்பிடாதீர்கள். அவர்களுக்கு மருத்துவரும் அன்பும் தேவை. சவுலுக்குக்கூட அருகில் இருந்தவர்கள் சுரமண்டலம் வாசிக்க ஆள் தேடினார்கள்.

சவுல் கர்த்தரிடம் விசாரித்தார் என்று 28:6 சொல்கிறது. விசாரிக்கவில்லை என்று 1 நாளாகமம் 10:14 சொல்கிறது. முரண்பாடுதானே?

சொற்களில் முரண்பாடு இருக்கிறது. சொப்பனத்தாலும், ஆசாரியர் மூலம் தேவசித்தம் அறிய உதவிய ஊரீமாலும் தீர்க்கதரிசிகளாலும் பதில் வரவில்லை என்கிறது முதலாவது. நாளாகமம், அவர் கடைசியில் யாரிடம் போனார் என்பதைப் பார்க்கிறது. பதில் வராதபோது, தாமே தேசத்திலிருந்து துரத்தியிருந்த அஞ்சனம் பார்க்கிறவர்களில் ஒருத்தியைத் தேடி, வேறு வஸ்திரம் தரித்து, இரவில் எந்தோருக்குப் போனார். கில்காலில் காத்திருக்க முடியாதவர் இங்கும் காத்திருக்கவில்லை. முன்பே மரித்திருந்து, அங்கே தோன்றிய சாமுவேல் சொன்ன காரணமும் பழையதுதான்: அமலேக்கு (28:18).

அவரைக் கொன்றது யார்? தற்கொலையா, அமலேக்கியனா?

31-ஆம் அதிகாரத்தின்படி, கில்போவா மலையில் அம்புகளால் காயப்பட்ட சவுல் தம் பட்டயத்தின்மேல் விழுந்தார். 2 சாமுவேல் 1-இல் ஓர் அமலேக்கிய வாலிபன், நானே கொன்றேன் என்று கிரீடத்தோடு தாவீதிடம் வருகிறான். பரிசுக்காகப் பொய் சொன்னான் என்றே நான் வாசிக்கிறேன். பரிசு கிடைக்கவில்லை, தாவீது அவனைக் கொல்லச் சொன்னார்.

அப்படியானால் சவுல் நரகத்துக்குப் போனாரா?

வேதம் சொல்லவில்லை. 15:23, 26 இரண்டும் ‘ராஜாவாயிராதபடிக்கு’ என்றுதான் சொல்கின்றன. தள்ளப்பட்டது ஒரு பதவி. எந்தோரில் சாமுவேல், நாளை நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்றதை இரட்சிப்பின் வாக்காகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மரித்தோரிடம் சேர்வீர்கள் என்பதே அதன் நேரான பொருள். சொல்லாததை நாம் சொல்லக் கூடாது, இரு பக்கத்திலும்.

இதெல்லாம் தாவீதின் ஆட்கள் தங்கள் அரசருக்காக எழுதிக்கொண்டதுதானே?

தாவீதுக்குச் சாதகமான பார்வை இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள், எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வெறும் பிரசாரம் என்றால் தாவீதின் குற்றத்தை 2 சாமுவேல் 11 அவ்வளவு அப்பட்டமாக எழுதியிருக்காது. சவுலின் யாபேஸ் வெற்றியும் இடம்பெற்றிருக்காது. அவர் சடலத்தைப் பெலிஸ்தர் பெத்சான் மதிலில் தொங்கவிட்டபோது, இரவு முழுவதும் நடந்து போய் எடுத்து வந்து அடக்கம் செய்தவர்கள் அதே யாபேஸ் ஊரார். தள்ளப்பட்ட அரசருக்கு நன்றியோடு நின்ற மனிதர்களையும் எழுதி வைத்த புத்தகம் இது.

ஆகாகைச் சாமுவேல் வெட்டிவிட்டார். பிறகு எஸ்தர் புத்தகத்தில், யூதரை அழிக்கத் திட்டமிட்ட ஆமானை ‘ஆகாகியன்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆகாகின் வழிவந்தவன் என்பது யூத மரபு. எப்படித் தப்பினார்கள் என்று வேதம் சொல்வதில்லை. ஆனால் எஸ்தர் புத்தகம் இந்தப் பெயரைத் தற்செயலாக வைக்கவில்லை. ஆமானை எதிர்த்து நிற்கும் மொர்தெகாய் பென்யமீன் கோத்திரத்தார். வம்சாவளியில் கீஸ் என்ற பெயரும் வருகிறது (எஸ்தர் 2:5). ஆமானிடமிருந்து யூதர் தப்பியதை நினைவுகூரும் பூரிம் பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாளில் யூத ஜெப ஆலயங்களில் உபாகமம் 25:17-19-ஐயும், அதோடு 1 சாமுவேல் 15-ஐயும் வாசிக்கிறார்கள்.

எதிரிகளின் உடைமைகளைக் கொள்ளையிட யூதருக்கு அரசாணை அனுமதி அளித்திருந்தது (எஸ்தர் 8:11). ஆனாலும் அவர்கள் கொள்ளையிலே கைபோடவில்லை என்று 9-ஆம் அதிகாரம் மூன்று முறை சொல்கிறது. சாமுவேலின் காதில் விழுந்த அந்த ஆடுகளின் சத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்த மூன்று வசனங்களையும் (9:10, 15, 16) வாசித்துப் பாருங்கள்.